கட்டின கையால ஒரு ஜெபம்

நான் பேசுதேன், மருமவ எழுதுதா. எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து கேட்டா இன்னைக்கும் பெருவிரலைத்தான் நீட்டுவேன். இந்தக் கதைக்கு அது தெரிஞ்சிருக்கணும், அதனால முதல்லயே சொல்லிப்போடுதேன். தொண்டை இன்னும் கரகரன்னுதான் இருக்கு. நடுவுல நிப்பேன், சுடுதண்ணி குடிப்பேன், பேச்சு வேற எங்கயாவது போயிரும். பொறுத்துக்கிடணும்.

ஆசுபத்திரியில குழாய் மாட்டிக் கெடக்க யாருக்காவது, இல்ல அவங்களுக்காக வெளிய வராந்தாவுல உக்காந்திருக்க யாருக்காவது இது ஒதவும்னு எங்க பாஸ்டர் ஐயா சொன்னாரு. அதுக்குத்தான் சொல்லுதேன்.

எம் பேரு தங்கையா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மீசை அரும்புத வயசுல மெட்ராஸ்ல இருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினவன். கடல்ல மூணு நாளும் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன். எறங்கினதும், இனிமே கப்பல் பக்கமே போகக்கூடாதுன்னு நெனச்சேன். கெடைச்ச வேலை என்னன்னு கேட்டா, ஹேடோ வார்ஃப் துறைமுகத்துல கப்பல் சரக்கு எறக்குதது. சிரிப்பா இருக்குல்லா. ஆயுசு பூரா அங்கதான் போச்சு. மொதல்ல மூட்டை சுமந்தேன். அப்புறம் சிக்னல்மேனா ஆக்கினாங்க.

சிக்னல்மேன்னா என்னன்னு சொல்லணும். கப்பலோட சரக்குக் கெடங்கு பெரிய கெணறு மாதிரி ஆழமா இருக்கும். பாரந்தூக்குத விஞ்சு மேல் தட்டுல. விஞ்சை ஓட்டுதவருக்குக் கெடங்குக்குள்ள என்ன நடக்குன்னு தெரியாது. கத்தினாலும் அந்த எரைச்சல்ல கேக்காது. கெடங்கு வாயில நின்னு, கீழயும் பாத்து மேலயும் பாத்து, கையைக் காட்டுதவந்தான் சிக்னல்மேன். ஆள்காட்டி விரலை மேல தூக்கிச் சுத்தினா 'அவீசு', ஏத்து. உள்ளங்கையைக் கவுத்து அமத்தினா 'ஆரியா', எறக்கு. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரிச்சா, மெதுவா. முட்டியை மடக்கினா, அப்படியே நில்லு. கையைக் கழுத்துக்குக் குறுக்க அறுக்காப்ல இழுத்தா, எல்லாத்தையும் ஒடனே நிப்பாட்டு. எனக்குத் தெரிஞ்ச எழுத்து அவ்வளவுதான்.

வார்ஃப்ல எனக்குக் கைன்னா, கோயில்ல எனக்குத் தொண்டை. எங்க ஊர்க்காரங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். பாட்டுப் புஸ்தகம் வாசிக்கத் தெரியாட்டாலும் அத்தனை பாட்டும் காதால கேட்டு மனப்பாடம். ஞாயித்துக்கெழம நான் எடுத்துக் குடுத்தாத்தான் சனங்க பாடும். ஜெபமும் அப்படித்தான், வாய்விட்டுத்தான் பண்ணுவேன். மனசுக்குள்ள ஜெபம் பண்ணச் சொன்னா எனக்கு வராது. ரெண்டு வார்த்தை போகும், அப்புறம் தேங்கா பறிக்க ஆள் வந்தானான்னு நெனப்பு போயிரும்.

இப்ப பல்லுக்கு வாரேன். கீழ்த்தாடையில கடைசிப் பல்லு. வார்ஃப்ல ஈரக் கயிறு முடிச்சு கையால அவுராட்டா அந்தப் பல்லாலதான் கடிச்சு இழுப்பேன். அது ரொம்ப நாளாவே ஆடிக்கிட்டு இருந்துச்சு. வலி வந்தா கிராம்பை வச்சு அமுக்கிக்கிடுவேன். போன மழைக்காலத்துல வலி கூடிச்சு. நான் இப்ப இருக்கது ஹேவ்லாக் தீவுல, மவன் சாமுவேல் வீட்டுல. அவன் ரிசார்ட்டுல வண்டி ஓட்டுதான். "பல்லைக் காட்டிட்டு வந்துருவோம்பா"ன்னான். நான்தான் கேக்கல. கோயில்ல சனமெல்லாம் சேந்து சாப்பிடுத அசனப் பண்டிகை வருது, பல்லைப் பிடுங்கிட்டா வாயி கோணிரும், பாட முடியாதுன்னு தள்ளிப் போட்டேன். பண்டிகையும் முடிஞ்சுது. ஒரு பக்கம் கிராம்பை அடக்கிக்கிட்டே பாடினேன்.

மறுநாள் தாடைக்குக் கீழ வீங்கிருச்சு, பலாக்கொட்டை அடக்கி வச்ச மாதிரி. அன்னைக்குன்னு பாத்துக் காத்தும் மழையும், போட்டு ஓடல. படகுத்துறையில சிகப்புக் கொடி. சின்ன ஆசுபத்திரியில ஊசி போட்டாங்க. வீக்கம் கழுத்து முழுக்க எறங்குது. வாயைத் தொறக்க முடியல, எச்சி முழுங்க முடியல. கண்ணு முன்னால கடலு. அதுக்கு அந்தப் பக்கந்தான் பெரிய ஆசுபத்திரி. போக வழியில்ல. தீவுல இருக்கவங்களுக்கு இது தெரியும்; மத்தவங்களுக்குச் சொன்னா, "அவ்வளவு பக்கந்தானே"ம்பாங்க.

எஸ்தரு, எம் பொண்டாட்டி, சன்னல்ல நின்னு கடலைப் பாத்து வஞ்சா. "ஒனக்கு இன்னைக்குத்தானா ஆடணும்"னு. அவ யாரையும் வைய மாட்டா. கடலை மட்டும் வைவா.

காத்து கொஞ்சம் தணிஞ்சதும் மொத போட்டுல போர்ட் பிளேர். உக்காந்தே போனேன், படுத்தா மூச்சு அடைக்கி. அங்க ஸ்கேன் எடுத்தாங்க, ரெத்தம் எடுத்தாங்க. சக்கரையும் கூடிக் கெடந்திருக்கு, அதுவே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். டாக்டரு மெயின்லேண்டுல இருந்து வந்த தமிழ்ப் பையன். வெளக்கமாச் சொன்னாரு:

"தாத்தா, பல்லு வேர்ல இருந்த சீழ் தாடைக்கும் நாக்குக்கும் அடியில எறங்கிருச்சு. வீங்கி மூச்சுக்குழாயை நெருக்குது. கழுத்தைக் கீறி சீழை எடுக்கணும். அது வரைக்கும் மூச்சு போக, தொண்டைக்குக் கீழ ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும்."

"பாட முடியுமா?"ன்னு கேட்டேன். அது வாயில இருந்து எப்படி வந்துச்சோ, பாதி எச்சிதான் வந்துச்சு. சாமுவேலு திருப்பிச் சொன்னான்.

டாக்டர் சொன்னாரு: "குழாய் தொறந்திருக்க வரைக்கும் சத்தமே வராது தாத்தா. காத்து குரல் இருக்க எடத்துக்குப் போகாம கீழயே வெளிய போயிரும். எடுத்தப்புறம் வரும். எப்படி வரும்னு இப்ப சொல்ல முடியாது."

சம்மதக் காயிதத்துல பெருவிரலை உருட்டிட்டேன். உள்ள கொண்டு போகையில எஸ்தர் பெறத்தால வந்துக்கிட்டே சத்தமா ஜெபம் பண்ணினா. காவக்காரன் வாயில வெரலை வச்சுக் காட்டினான். அவ கண்ணை மூடியிருந்தா, எப்படித் தெரியும். கதவு சாத்துத வரைக்கும் அவ சத்தம் கேட்டுச்சு.

முழிச்சப்போ ஐசியூ. அங்க ராத்திரி பகல் கெடையாது. எப்பவும் ஒரே வெளக்கு, எப்பவும் ஒரே குளிரு, டீங் டீங்னு மிசினு. மூக்குல ஒரு குழாய் சாப்பாட்டுக்கு, கீழ ஒரு குழாய் மூத்திரத்துக்கு, கழுத்துல ரெண்டு எடத்துல சீழ் வடிய ரப்பரு, நடுவுல மூச்சுக் குழாய். வாயைத் தொறந்து "எஸ்தரு"ன்னேன். வெறுங்காத்து கழுத்து வழியாப் போச்சு. எனக்கே கேக்கல.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்ல. என் ஒடம்புக்குள்ள என்னைய வச்சுப் பூட்டின மாதிரி. ஜெபம் பண்ணலாம்னா சத்தம் இல்ல. சத்தம் இல்லாம கூப்பிட்டா அவருக்குக் கேக்குமான்னு சந்தேகம். கேக்கும்னு பிரசங்கத்துல கேட்டிருக்கேன். நம்புததுக்கு வரல. ரெண்டு வார்த்தை போகும், அதுக்குள்ள டீங்.

நர்ஸம்மா பேரு ரூத். கார் நிக்கோபார்ப் பொண்ணு, சாந்தமான மொகம். இந்தியிலதான் பேசும். ஒரு அட்டையும் பேனாவும் குடுத்து, "என்ன வேணுமோ எழுதுங்க அங்கிள்"னுச்சு. நான் பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தேன். மரியாதைக்கு. அது அதைப் பாத்துட்டு இன்னொரு நர்ஸ்கிட்ட மெதுவா என்னமோ சொல்லிச்சு. நெனவு தெளியலன்னு நெனச்சிருக்கு.

அப்புறந்தான் சளி உறிஞ்சுதது. குழாயில சளி அடைச்சா மூச்சு நின்னு போகும்லா, அதுக்காக மெல்லிசா இன்னொரு குழாயை அதுக்குள்ள விட்டு மிசின் வச்சு உறிஞ்சுவாங்க. செய்யாட்டா செத்துருவோம். ஆனா செய்யும்போதுதான் சாவுத மாதிரி இருக்கும். நெஞ்சுக்குள்ள இருக்க காத்தையெல்லாம் சேத்து இழுக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில சொன்னேன். கையைத் தூக்கிக் கழுத்துக்குக் குறுக்க இழுத்தேன். நிப்பாட்டு. எல்லாத்தையும் நிப்பாட்டு.

வார்ஃப்ல அந்தக் கையைக் காட்டினா கப்பலே நிக்கும். இங்க, கெழவன் கழுத்துக் குழாயைப் பிடுங்கப் போறான்னு ஆகிப்போச்சு. ரெண்டாம் தடவையும் காட்டினேன். மூணாம் தடவை காட்டுததுக்குள்ள ரெண்டு மணிக்கட்டையும் துணி சுத்திக் கட்டில் கம்பியில கட்டிட்டாங்க. அந்தப் பிள்ளை கட்டும்போது, "மன்னிச்சிருங்க அங்கிள், பைப் வந்துச்சுன்னா உயிர் போயிரும்"னுச்சு. அது மேல தப்பு சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் கட்டியிருப்பேன்.

ஆனா அதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. குரலும் போச்சு, கையும் போச்சு. கும்பிடுததுக்குக் கையைச் சேக்கக்கூட முடியாது. ரெண்டு கைக்கும் நடுவுல என் நெஞ்சு அகலம், அவ்வளவு தூரம். மேல பாத்தா வெள்ளைப் பலகை. அதுல ஒரு பல்லி. அது பாட்டுக்கு நடக்குது. அந்தப் பல்லி மேல எனக்குப் பொறாமை வந்துச்சு. ஆண்டவரே, என்னைய எடுத்துக்கிடுங்கன்னு மனசுல வந்துச்சு. அது மட்டும் முழுசா வந்துச்சு.

அப்ப ரூத்து ட்ரிப் மாத்திக்கிட்டே என்னமோ முனங்கிச்சு. அதோட பாஷை, எனக்கு ஒரு வார்த்தை புரியாது. மெட்டு எனக்குத் தெரியும். எங்க கோயில்ல காணிக்கை எடுக்கும்போது நான் பாடுத பாட்டு மெட்டு. அந்தத் தீவுல அவங்க பாஷையில பாடுதாங்க, எங்க தீவுல எங்க பாஷையில. கட்டின கையில வெரலு மட்டும் கம்பியில தாளம் போட்டுச்சு. நான் போடல, அதுவாப் போட்டுச்சு. ரூத்து திரும்பிப் பாத்துச்சு. முனங்குதது கொஞ்சம் சத்தமாச்சு, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஒருத்தரை மட்டும் உள்ள விடுவாங்க. எஸ்தர் வந்தா. என் கையைப் பாத்து அப்படியே நின்னுட்டா. நான் கட்டுக்குள்ளயே வெரலை ஆட்டினேன். உள்ளங்கையைக் கவுத்து அமத்தினேன், தலைமாட்டை எறக்குன்னு. முதுகு ஒடிஞ்சு கெடந்துச்சு.

"ஏம்மா, கட்டிலை எறக்கச் சொல்லுதாரு"ன்னா, நர்ஸைப் பாத்து.

எஸ்தருக்கு இந்தி வார்ஃப் வாசல்ல கத்துக்கிட்ட இந்தி. மத்தியானச் சோறு கொண்டாருவா. நான் கெடங்கு வாயில நின்னு, இப்ப வர முடியாது, வச்சுட்டுப் போன்னு கையிலயே சொல்லுவேன். பிள்ளைங்க தூங்கினா வீட்டுலயும் கைதான். அவ ரூத்துகிட்டச் சொன்னா, "இவரு குழாயைப் பிடுங்கல. கப்பலை நிப்பாட்டுதாரு." அந்தப் பிள்ளைக்குப் புரியல. எஸ்தர் நடுவுல நின்னு ஒவ்வொண்ணாச் செஞ்சு காட்டினா. கழுத்துல கையை இழுத்ததும் ரூத்துக்கு மொகமே மாறிப்போச்சு.

"எழுதிக் காட்டச் சொன்னேனே ஆன்ட்டி"ன்னுச்சு.

"அவருக்கு எழுத்து தெரியாதும்மா. வெக்கத்துல கோடு இழுத்திருப்பாரு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ரூத்து கண்ணு கலங்கிச் சிரிச்சுது. கட்டை அவுத்து, "குழாய் பக்கம் மட்டும் கை போகக்கூடாது அங்கிள்"னுச்சு. சரின்னு வெரலை மேல தூக்கிச் சுத்தினேன். எஸ்தர் தேங்கா எண்ணெய் கொண்டாந்திருந்தா, கால்ல தடவிக்கிட்டே காதுல சொன்னா: "இஞ்சேருங்க, கல்யாணம் ஆனதுல இருந்து இன்னைக்குத்தான் நான் பேசி நீங்க சும்மா கேக்கீங்க."

அப்புறமும் லேசா இருந்துச்சுன்னு நெனச்சுக்கிடாதீங்க. காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு. குழாயை எடுக்கலாமான்னு அடைச்சுப் பாத்தாங்க, மூச்சுத் திணறிச்சு, திரும்பத் தொறந்துட்டாங்க. வீக்கம் இன்னும் இருக்குன்னாரு டாக்டர். ஒருவேளை நெலையாவே குழாயோட இருக்க வேண்டி வருமான்னு சாமுவேல் கேட்டான். சாமுவேலு ரிசார்ட்டு வேலையை விட்டுட்டு வராந்தாவுலயே கெடந்தான். மருந்து வெளிய வாங்க வச்ச காசெல்லாம் அவன் காசுதான். எவ்வளவுன்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேங்கான். எழுதுத மருமவளும் சொல்ல மாட்டேங்கா.

அந்த சமயத்துலதான் எதுத்த கட்டிலுக்கு பிஸ்வாஸ் வந்தாரு. எங்க ஹேவ்லாக்ல காய்கறி போடுத பெங்காலிக்காரரு, பாத்தாத் தெரியும், பேசினது கெடையாது. வயல் தண்ணியில எலி மூத்திரம் கலந்து வருத காய்ச்சல். அது நெஞ்சுக்குள்ள எறங்கிருச்சு. அவருக்கு வாய் வழியாக் குழாய். கையைக் கட்டியிருந்தாங்க, அவரு நெசமாவே பிடுங்கினாரு. உறிஞ்சுத மிசின் சத்தம் கேட்டாலே கட்டில் அதிரும், கண்ணு வெளிய வந்துரும். அதைப் பாக்க முடியல. எனக்குத் தெரியும்லா அது என்னன்னு.

சொல்லுததுக்கு எனக்கு வாயில்ல. அவருக்கும் இல்ல. கையைத் தூக்கினேன். ரெண்டு வெரலை ஒட்டி ஒட்டிப் பிரிச்சேன், மெதுவா, மெதுவா. மிசின் குழாய் உள்ள போச்சு. முட்டியை மடக்கினேன், நில்லு, பிடிச்சுக்கோ. வெளிய வந்துச்சு. உள்ளங்கையைக் கவுத்தேன். முடிஞ்சுது, எறக்கு. மொதத் தடவை, இந்தக் கெழவன் என்ன கூத்துக் காட்டுதான்னு கோவமாப் பாத்தாரு. அடுத்த தடவை மிசின் சத்தம் கேட்டதும் அவரு கண்ணு ரூத்தைத் தேடல. என் கையைத் தேடிச்சு.

வார்ஃப் பாஷை அவருக்கு என்ன தெரியும். தெரிய வேண்டாம். எப்ப வரும் எப்ப முடியும்னு பாத்துச் சொல்ல ஒரு கை இருந்தாப் போதும். ரூத்தும் என் கை ஏறின பெறவுதான் தொடங்கும். அதுல இருந்து நான் தூங்குததே அந்த நேரம் பாத்துத்தான். எனக்கு ஒரு வேலை வந்துருச்சு. பல்லியைப் பாத்துப் பொறாமைப்பட நேரமில்ல.

ஒரு தடவை, முட்டியை மடக்கி நிக்கும்போது ஒண்ணு தோணுச்சு. நான் இத்தனை வருசமும் ஜெபம்னா, நான் கையைக் காட்டுவேன், மேல இருக்கவரு விஞ்சை ஓட்டுவாருன்னு நெனச்சிருந்தேன். மவனுக்கு வேலை வேணும், ஏத்து. வீட்டுல காய்ச்சல், எறக்கு. கடைசியா அன்னைக்குக் காட்டினது, எல்லாத்தையும் நிப்பாட்டு. அவரு நிப்பாட்டல. ஏன்னா கெடங்கு வாயில நின்னு ரெண்டு பக்கமும் பாக்கது அவரு. நாந்தான் ஒண்ணும் தெரியாம மேல உக்காந்து விஞ்சுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டிருக்கவன். பழைய விஞ்சுக்காரர் ஒருத்தர் எங்கிட்டச் சொல்லுவாரு, "பாரம் எங்க இருக்குன்னு நான் பாக்க மாட்டேன்வே, ஒம்ம கையைத்தான் பாப்பேன்"னு. அப்ப அது எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப பயமத்துப் போச்சு. பாஸ்டர் ஐயா கேட்டா இதுல வேதத்துக்குப் பொருந்தாதது ஏதாவது இருக்கும், திருத்திக்கிடட்டும். எனக்கு வந்தது இதுதான். அன்னைக்கு மொத மொதலா வாயில்லாம ஜெபம் பண்ணினேன், தேங்கா நெனப்பு வரல. "பிஸ்வாஸ்"னு மட்டுந்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.

வீக்கம் வத்திச்சு. மறுபடி குழாயை அடைச்சாங்க. இந்தத் தடவை மூச்சு மூக்கு வழியா வந்துச்சு, ஆசுபத்திரி நாத்தமும் சேந்து வந்துச்சு. டாக்டர், எஸ்தர், சாமுவேல் மூணு பேரும் நிக்காங்க. சாமுவேல் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்.

"ஏதாவது பேசுங்க தாத்தா"ன்னாரு டாக்டர்.

எஸ்தர் சொன்னா, "ஸ்தோத்திரம்னு சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அந்நேரம் பாத்து எதுத்த கட்டில்ல மிசின் சத்தம். பிஸ்வாஸ் கண்ணு என் பக்கம் வந்துருச்சு. கை தன்னால ஏறிச்சு. குரலும் கூட ஏறிச்சு, தகரத்தை உரசின மாதிரி. "மெதுவா... மெதுவா..."

மொத வார்த்தை அதுதான். போன்ல இருக்கு. எஸ்தர் அழுதா. பெறவு சொன்னா, "எனக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். பரவால்ல."

பெறவு குழாயை எடுத்துட்டாங்க. பிஸ்வாஸும் பொழைச்சாரு. இப்பம் குச்சி ஊனி நடக்காரு. அவருக்கு எங்க கோயில் கெடையாது, எனக்கு அவரு பாஷை கெடையாது. பஜார்ல பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு முட்டியை மடக்கிக் காட்டுவாரு. நானும் காட்டுவேன். பையில ஒரு கட்டுக் கீரை வந்து விழும்.

என் குரல் பழையபடி வரல. நாலு அடி பேசினா அடைச்சுக்கிடும். பொழைச்சு வந்ததைக் கோயில்ல சாட்சியாச் சொல்ல முன்னால கூப்பிட்டாங்க. நன்றின்னு தொடங்கி, அப்புறம் காத்துதான் வந்துச்சு. பழையபடி எல்லாம் பூட்டிக்கிட்டு நின்னேன். அப்ப பொம்பளைங்க பக்கம் இருந்து எஸ்தர் பாட்டை எடுத்தா. அவ சுதி எப்பவுமே ஒரு படி கீழதான், மெல்லிசாக் கெடந்துச்சு. நான் ஆள்காட்டி விரலை மேல தூக்கிச் சுத்தினேன்.

சனங்களுக்கு அது என்னன்னு தெரியாது. ஆனா பாட்டு ஏறிச்சு.